முதுநிலை அல்ஜீப்ரா எடுக்கப் போகிறவர்களுக்கு

முதுநிலையில் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா எடுக்கிறவர்கள் முதல் சில வாரம் தெம்பாகத்தான் இருப்பார்கள். குலம், உட்குலம், கோசெட், லக்ராஞ்சி தேற்றம் என்று இளநிலையில் பார்த்த பெயர்களாகவே வரும். அங்கே ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தியதை இங்கே நாலைந்து வாரத்தில் முடித்துவிட்டு, குலத்தின் ஆக்‌ஷன், சைலோ, வளையம், மாட்யூல் என்று வண்டி வேகமெடுக்கும்போதுதான் அடி விழும். வகுப்பில் எல்லாரும் தலையாட்டுவார்கள். நமக்கு மட்டும் புரியவில்லை என்ற எண்ணம் வரும், கேட்க வாய் வராது. வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம், அதில் ஆறேழு கணக்கு, ஒவ்வொன்றும் ஒரு மாலைப்பொழுதை விழுங்கும். ராத்திரி உட்கார்ந்து ஒரு வரிகூட எழுத முடியாமல் தூங்கப் போகும் நாட்களின் தனிமை ரொம்பக் கொடியது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தப் பாடத்தில் வீணாகப் போகும் நேரத்தில் பெரும்பகுதி அப்படி வீணாகப் போக வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். எங்கே போகிறது, எப்படித் தடுப்பது என்பதைப் பாடம் போகும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று. பாடம் தொடங்குவதற்கு முன் கையில் ஒரு சரக்கு இருக்க வேண்டும்: அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு உதாரணங்கள். குலங்களில், மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலம், சதுரத்தின் சமச்சீர்க் குலம் (வரிசை 8, அதாவது எட்டு உறுப்புகள்), குவாட்டர்னியன் குலம் (அதுவும் வரிசை 8), நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் சேர்ந்த வரிசை 12 குலம். வளையங்களில், முழு எண்கள், முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகள், காஸ் முழு எண்கள், √−5 சேர்த்த முழு எண்கள், இரண்டு மாறிகளில் பல்லுறுப்புக்கோவைகள். மாட்யூலுக்கு, முழு எண்களின் மேல் விகிதமுறு எண்கள். களங்களுக்கு, 4, 9, 16 உறுப்புகள் உள்ள களங்கள், பிறகு எக்ஸ்³ − 2, எக்ஸ்⁴ − 2 இரண்டின் மூலங்களையும் சேர்த்துக் கட்டும் களங்கள். ‘தெரியும்’ என்றால் பெயர் தெரிவது போதாது. சதுரத்தின் குலத்துக்கு 10 உட்குலங்கள், அவற்றில் எவை நார்மல் (எந்த உறுப்பால் இணைத்தாலும் மாறாதவை), மையம் (எல்லாவற்றோடும் பரிமாறும் உறுப்புகள்) எது என்று தாளில் படம் போட வேண்டும். குவாட்டர்னியன் குலத்துக்கு 6 உட்குலங்கள்தான், ஆறும் நார்மல், இருந்தும் அது அபீலியன் (எல்லா உறுப்புகளும் ஒன்றோடொன்று பரிமாறும் குலம்) இல்லை. இரண்டு குலங்களிலும் மையத்தின் வரிசை 2, மையத்தால் வகுத்தால் கிடைப்பதும் ஒன்றே. ஆனால் சதுரத்தின் குலத்தில் வரிசை 2 உள்ள உறுப்புகள் ஐந்து, மற்றதில் ஒன்றே ஒன்று. ஆகவே இரண்டும் வேறு. வரிசை 12 உள்ள அந்த இரட்டை வரிசைமாற்றக் குலத்தில் வரிசை 6 உட்குலம் கிடையாது, லக்ராஞ்சி தேற்றத்தின் மறுதலை பொய் என்பதற்கு அதுவே சாட்சி. இந்தச் சரக்கைச் சேர்க்க விடுமுறையில் இரண்டு வாரம் போதும். செமஸ்டர் நடுவில் சேர்க்க நினைத்தால் நேரமே கிடைக்காது.

ஒவ்வொரு புது வரையறை வரும்போதும் அதை இந்தச் சரக்கின் மேல் ஓட்டிப் பாருங்கள். எது அந்த வரையறைக்குள் வருகிறது, எது வரவில்லை, வராதது எந்த வரியில் கழன்றுகொள்கிறது என்று எழுதுங்கள். ஒரு வரையறைக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று புத்தகத்தை அடுத்த பக்கம் திருப்பினால், பின்னால் வீட்டுப்பாடத்தில் அது பல மணி நேரமாகத் திரும்பி வரும்.

குலங்களில் முதல் பெரிய தடங்கல் ஈவுக் குலம். வரையறையை ஒப்பிக்க எல்லாருக்கும் வரும், ஈவுக் குலத்திலிருந்து ஒரு சார்பை வரையறுக்கச் சொன்னால்தான் மாட்டிக்கொள்வோம். ஒரு கோசெட்டுக்குப் பல பிரதிநிதிகள் உண்டு. பிரதிநிதியை மாற்றினாலும் விடை மாறக்கூடாது. மட்டு 3 எண்களிலிருந்து (3-ஆல் வகுத்த மீதிகள்) மட்டு 6 எண்களுக்கு ‘எண்ணை அப்படியே அனுப்பு’ என்று எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் 0-ம் 3-ம் ஒரே உறுப்பு, வலப்பக்கம் அவை வேறு வேறு. எனவே அது சார்பே இல்லை. ‘இரண்டால் பெருக்கி அனுப்பு’ என்றால் 0 போகும் இடம் 0, 3 போகும் இடம் 6, அதாவது மறுபடி 0, சரியாக நிற்கிறது. திருத்துபவர்கள் மதிப்பெண் பிடுங்குவதில் முதலிடம் இந்தச் சரிபார்ப்பு விட்டுப்போவதற்குத்தான். இதைத் தவிர்க்க ஒரே வழிதான்: ஈவிலிருந்து நேரடியாகச் சார்பு எழுதாதீர்கள். மூலக் குலத்திலிருந்து ஹோமோமார்ஃபிசம் (பெருக்கலைக் காக்கும் சார்பு) எழுதுங்கள், எந்த உட்குலத்தால் வகுக்கிறோமோ அது கெர்னலுக்குள் (சமனிக்குப் போகும் உறுப்புகளுக்குள்) இருக்கிறது என்று காட்டுங்கள், பிறகு ஈவுக்கு இறக்குங்கள். வளையம், மாட்யூல், டென்சர் என்று எங்கே போனாலும் இதே மூன்று படிதான்.

இரண்டாவது தடங்கல் நார்மல் உட்குலம். நார்மலுக்குள் நார்மல் என்றால் முழுக் குலத்திலும் நார்மல் என்று மனசு தானாகவே நம்பும். சதுரத்தின் குலத்தை எடுங்கள். ஒரு மூலைவிட்டத்தில் பிரதிபலிக்கும் உறுப்பும் சமனியும் சேர்ந்து வரிசை 2 உட்குலம். அது, இரண்டு மூலைவிட்டப் பிரதிபலிப்புகளும் 180 பாகைச் சுழற்சியும் சமனியும் சேர்ந்த வரிசை 4 உட்குலத்துக்குள் நார்மல், ஏனெனில் அந்த நான்கும் ஒன்றோடொன்று பரிமாறும். அந்த வரிசை 4 உட்குலம் முழுக் குலத்தில் நார்மல், ஏனெனில் குறியெண் (கோசெட்டுகளின் எண்ணிக்கை) 2. ஆனால் 90 பாகைச் சுழற்சியால் இணைத்துப் பார்த்தால் ஒரு மூலைவிட்டப் பிரதிபலிப்பு மற்றதாக மாறிவிடும். ஆக அந்தச் சிறிய உட்குலம் முழுக் குலத்தில் நார்மல் இல்லை. இந்த மூன்றடுக்கை நன்றாக மனதில் வையுங்கள், கால்வா தியரியில் (களங்களைக் குலங்களால் படிக்கும் பகுதி) இதே மூன்றடுக்கு வேறு உடுப்பில் வரும்.

சைலோ தேற்றங்கள் வந்தது 1872-ல். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் முதுநிலைத் தேர்வுகளில் ஒரு கேள்வி இதிலிருந்து நிச்சயம். ‘வரிசை 30 உள்ள குலம் எளிய குலமாக இருக்க முடியாது என்று காட்டு’ என்பது போன்ற கேள்விக்கு எண்ணிப் பார்ப்பதே போதும். எளிய குலம் என்றால் தானும் சமனியும் தவிர வேறு நார்மல் உட்குலம் இல்லாத குலம். சைலோ 5-உட்குலங்கள் (குலத்தின் வரிசையை வகுக்கும் 5-ன் மிகப் பெரிய அடுக்கை வரிசையாக உடையவை) 1 அல்லது 6, சைலோ 3-உட்குலங்கள் 1 அல்லது 10. இரண்டும் ஒன்றுக்கு மேல் என்றால் வரிசை 5 உறுப்புகள் 24, வரிசை 3 உறுப்புகள் 20, மொத்தம் 44, முப்பதில் அடங்காது. இதை நாலைந்து முறை செய்ததும் எல்லாக் கேள்வியையும் இப்படியே எண்ணிவிடலாம் என்று கை பழகிவிடும், அங்கேதான் ஆபத்து. வரிசை 36-க்குப் போங்கள். சைலோ 3-உட்குலங்கள் 1 அல்லது 4, ஒவ்வொன்றும் வரிசை 9. நான்கு இருந்தால் 4 × 8 = 32 உறுப்புகள் என்று பலரும் எழுதுவார்கள். அது தவறு. வரிசை பகா எண்ணாக இருந்தால்தான் இரண்டு வேறு உட்குலங்கள் சமனியில் மட்டும் சந்திக்கும் என்பது உறுதி. வரிசை 9 உள்ள இரண்டு உட்குலங்கள் வரிசை 3 உட்குலம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றக் குலத்தை வரிசை 3 சுழல் குலத்தோடு பெருக்கினால் வரிசை 36. அதில் சைலோ 3-உட்குலங்கள் நான்கு, நான்கிலும் சேர்ந்து சமனி நீங்கலாக இருப்பது 26 உறுப்புகள்தான், 32 இல்லை.

அப்படியானால் 36-ஐ எப்படிப் பிடிப்பது? எண்ணுவதை விட்டுவிட்டு ஆக்‌ஷனுக்கு வாருங்கள். குலம் தன் நான்கு சைலோ 3-உட்குலங்களை இடம்மாற்றுகிறது. அதனால் நான்கு பொருள்களின் வரிசைமாற்றக் குலத்துக்கு ஒரு ஹோமோமார்ஃபிசம் கிடைக்கிறது. அங்கே 24 உறுப்புகள்தான், இங்கே 36. ஆகவே கெர்னல் வெறும் சமனியாக இருக்க முடியாது. நான்கும் ஒன்றுக்கொன்று இணை என்பதால் ஆக்‌ஷன் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கவும் முடியாது, எனவே கெர்னல் முழுக் குலமும் இல்லை. நடுவில் ஒரு நார்மல் உட்குலம் அகப்பட்டுவிட்டது. வரிசை 24-க்கு இதே வேலையை சைலோ 2-உட்குலங்கள் மூன்றை வைத்துச் செய்யலாம். என்னைக் கேட்டால், குலங்கள் பகுதியில் ஒரே ஒரு கருவியைத்தான் ஆழமாகக் கற்க நேரம் இருக்கிறது என்றால் ஆக்‌ஷனைக் கற்றுக்கொள்ளுங்கள். சைலோ தேற்றங்களின் நிரூபணங்களே ஆக்‌ஷன்கள்தான்.

வகைப்படுத்தும் கேள்விகளில் எவ்வளவு தூரம் போவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். வரிசை 8-க்கு 5 குலங்கள், 16-க்கு 14, 32-க்கு 51, 64-க்கு 267. இரண்டின் அடுக்குகள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தேர்வில் வருவது இரண்டு பகா எண்களின் பெருக்கம், 12, 18, 20, 30 இந்த ரகம்தான். சரிபார்க்க கேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் சிறு குலங்கள் தொகுப்பில் 1024 நீங்கலாக வரிசை 2000 வரை எல்லாக் குலங்களும் உண்டு. கணக்கைக் கையால் போட்ட பிறகு விடையை அதில் ஒப்பிடுங்கள், முன்னாலேயே அதைத் திறந்தால் கை பழகாது.

வீட்டுப்பாடத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேரம் அதிகம் ஒழுகும் ஓட்டை அதுதான். கணக்குத் தாள் கையில் வந்த அன்றே எல்லாக் கேள்வியையும் ஒருமுறை படித்து, அதில் வரும் ஒவ்வொரு சொல்லின் வரையறையையும் பார்க்காமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாத கணக்கில் உட்காருவதில் அர்த்தமில்லை, முதலில் வரையறைக்குப் போங்கள். பிறகு ஒரு கணக்குக்குத் தனியாக நாற்பது நிமிடம். கொடுத்ததை விரித்து எழுதுவது, நிரூபிக்க வேண்டியதை விரித்து எழுதுவது, சரக்கிலிருந்து ஒரு சிறிய உதாரணத்தில் போட்டுப் பார்ப்பது, ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எந்த உதாரணத்தில் உடைகிறது என்று தேடுவது, இவ்வளவும் அதற்குள் அடக்கம். நகரவில்லை என்றால் அடுத்த கணக்குக்குப் போய்விடுங்கள், மறுநாள் திரும்புங்கள். இரண்டு நாள் தனியாக முட்டிய பிறகுதான் நண்பர்களோடு உட்கார வேண்டும். அதற்கு முன் உட்கார்ந்தால் வேகமானவர் சொல்வதை மற்றவர்கள் எழுதிக்கொள்வதாக முடியும். அந்த வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் வரும், தேர்வில் கை காலியாக இருக்கும். இணையத்தில் விடை தேடுவதும் அதே கதைதான். வேறு வழியில்லாமல் பார்க்க நேர்ந்தால், பார்த்துவிட்டு மூடி, மறுநாள் வெற்றுத்தாளில் உங்கள் வாக்கியங்களில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். பேராசிரியரிடம் போகும்போது ‘இந்தக் கணக்கு புரியவில்லை’ என்று போகாதீர்கள். ‘இதுவரை வந்தேன், இந்த வரியிலிருந்து இந்த வரிக்குப் போக முடியவில்லை, வரிசை 8-ல் போட்டுப் பார்த்தேன், அங்கே சரியாக வருகிறது’ என்று தாளைக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். கேட்கக் கூச்சமாக இருக்கும், உண்மை. அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை பல ராத்திரிகள்.

வளையங்களுக்கு வந்தால் பயப்பட ஒன்றும் பெரிதாக இல்லை, உதாரணங்கள் இருந்தால். யூக்ளிடியன் வளையம் (மீதியோடு வகுக்க முடிவது), பி.ஐ.டி. (ஒவ்வொரு ஐடியலையும், அதாவது கூட்டலிலும் வளைய உறுப்புகளால் பெருக்குவதிலும் மூடிய உட்கணத்தையும், ஒரே உறுப்பு பிறப்பிப்பது), யு.எஃப்.டி. (காரணிப்படுத்தல் ஒரே விதமாக அமைவது), வெறும் டொமைன் (பூஜ்ஜியமல்லாத இரண்டைப் பெருக்கினால் பூஜ்ஜியம் வராதது) என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்கு. ஒவ்வொரு படிக்கும் ‘இதில் இருக்கிறது, அதில் இல்லை’ என்று ஓர் உதாரணம் வேண்டும். முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகள் யு.எஃப்.டி., ஆனால் 2-ம் எக்ஸ்-ம் பிறப்பிக்கும் ஐடியலை ஒரே உறுப்பால் பிறப்பிக்க முடியாது, எனவே பி.ஐ.டி. இல்லை. √−5 சேர்த்த முழு எண்களில் 6 = 2 × 3, அதுவே (1 + √−5)(1 − √−5). நார்ம் (அ + ஆ√−5-க்கு அ² + 5ஆ²) எடுத்தால் 4, 9, 6, 6. நார்ம் 2 அல்லது 3 உள்ள உறுப்பே அந்த வளையத்தில் இல்லை, ஏனெனில் அ² + 5ஆ² ஒருபோதும் 2-ஓ 3-ஓ ஆகாது. எனவே நான்குமே மேலும் உடையாதவை. ஆனால் 2 பகா உறுப்பு இல்லை, பெருக்கத்தை வகுக்கிறது, இரண்டு காரணிகளில் எதையும் வகுக்கவில்லை. இந்த மாதிரிச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஜெர்மன் கணிதவியலாளர் டெடெகிண்ட் 1871-ல் ஐடியலைக் கொண்டுவந்தார். 2-ம் 1 + √−5-ம் பிறப்பிக்கும் ஐடியலை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், 2 பிறப்பிக்கும் ஐடியல் சரியாகக் கிடைக்கும். உறுப்புகளில் இல்லாத காரணி ஐடியல்களில் இருக்கிறது. இதை ஒருமுறை கையால் பெருக்கியவருக்கு ஐடியல் என்பது ஏன் வந்தது என்ற சந்தேகமே வராது, எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த கணக்கு இது.

பகா ஐடியலா, மீப்பெரு ஐடியலா என்ற கேள்விக்கு வரையறையோடு மல்லுக்கட்டாதீர்கள், வகுத்துப் பாருங்கள். ஈவு டொமைன் என்றால் பகா, களம் என்றால் மீப்பெரு. முழு எண் பல்லுறுப்புக்கோவைகளில் 3-ம் எக்ஸ்² + 1-ம் பிறப்பிக்கும் ஐடியலால் வகுத்தால் 9 உறுப்புள்ள களம். 3-க்குப் பதில் 5 போட்டால் எக்ஸ்² + 1 என்பது (எக்ஸ் − 2)(எக்ஸ் + 2) என்று உடைந்துவிடும், ஈவு டொமைன்கூட இல்லை. ஐசன்ஸ்டைன் விதி (கோவை உடையாது என்று ஒரு பகா எண்ணைக் கொண்டு காட்டும் சோதனை) நேரடியாகப் பொருந்தாத இடத்தில் எக்ஸ்-க்குப் பதில் எக்ஸ் + 1 போட்டுப் பார்ப்பதையும் பழகுங்கள். எக்ஸ்⁴ + 1 அப்படிப் போட்டால் எக்ஸ்⁴ + 4எக்ஸ்³ + 6எக்ஸ்² + 4எக்ஸ் + 2 ஆகும், பகா எண் 2 வேலையை முடித்துவிடும். இதே கோவை எந்தப் பகா எண்ணின் மட்டிலும் உடைந்துவிடும் என்பதால், ‘ஏதாவது ஒரு பகா எண்ணின் மட்டில் உடையவில்லை என்று காட்டுவோம்’ என்ற வழி இங்கே எவ்வளவு தேடினாலும் பலிக்காது.

மாட்யூலில் அடி வாங்குவது வெக்டர் வெளி பழக்கத்தால். களத்துக்குப் பதில் வளையம், அவ்வளவுதானே என்று தோன்றும். முழு எண்களை அதன்மேலேயே மாட்யூலாக எடுங்கள். 2, 3 இரண்டும் சேர்ந்து அதைப் பிறப்பிக்கும், இரண்டில் எதை நீக்கினாலும் பிறப்பிக்காது, இருந்தும் அது பேசிஸ் இல்லை, பேசிஸுக்கு ஓர் உறுப்புதான். இரட்டை எண்கள் ஓர் உள்மாட்யூல், அதன் பரிமாணமும் ஒன்றுதான், இருந்தும் முழுவதும் இல்லை. விகிதமுறு எண்களில் டார்ஷன் (பூஜ்ஜியமல்லாத எண்ணால் பெருக்கியும் பூஜ்ஜியமாகிவிடும், தான் பூஜ்ஜியமல்லாத உறுப்பு) கிடையாது, ஆனால் எந்த இரண்டு உறுப்புகளும் சார்புடையவை, பேசிஸ் கிடையாது. வெக்டர் வெளியிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தூக்கிவரும்போதெல்லாம் இந்த மூன்றில் ஓட்டிவிட்டு எழுதுங்கள். பி.ஐ.டி. மேல் உள்ள அமைப்புத் தேற்றத்தை நிரூபணத்தோடு மட்டும் படித்துவிட்டு நகராமல், அணி கொண்டு போட்டுப் பழகுங்கள். முதல் நிரை 2, 4, இரண்டாம் நிரை 6, 8 என்ற அணியை எடுத்தால் உறுப்புகளின் மீ.பொ.வ. 2, அணிக்கோவை −8. எனவே ஸ்மித் வடிவத்தின் மூலைவிட்டத்தில் 2, 4. ஈவு மட்டு 2 குலமும் மட்டு 4 குலமும் சேர்ந்தது. நிரை, நிரல் மாற்றங்கள் செய்தும் இதே விடைக்கு வாருங்கள். வகுத்தல் எங்கும் கூடாது, 1 அல்லது −1 தவிர எதாலும் ஒரு நிரையைப் பெருக்கவும் கூடாது. அணிகளின் ஜோர்டான் வடிவமும் இதே தேற்றம்தான், முழு எண்களின் இடத்தில் ஒரு மாறிப் பல்லுறுப்புக்கோவைகள் உட்காரும்.

டென்சர் பெருக்கம் வரும் வாரத்தில் வகுப்பில் பாதிப் பேர் கைவிட்டுவிடுவார்கள், கைவிடத் தேவையே இல்லை. வரையறையின் கட்டுமானம் பெரிதாக இருப்பதால் அதை நினைத்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது. நினைவில் வைக்க வேண்டியது இரண்டு: உறுப்புகளை இருநேரியல் விதிகளால் நகர்த்தலாம், டென்சரிலிருந்து ஒரு சார்பு வேண்டுமானால் இருநேரியல் சார்பு ஒன்றைக் கொடுத்தால் போதும். மட்டு 2-ஐயும் மட்டு 3-ஐயும் முழு எண்களின் மேல் டென்சர் செய்தால் பூஜ்ஜியம். ஏன்? 1⊗1-ஐ (3 − 2) மடங்கு என்று எழுதுங்கள். 3-ஐ வலப்பக்கம் தள்ளினால் பூஜ்ஜியம், 2-ஐ இடப்பக்கம் தள்ளினால் பூஜ்ஜியம். முடிந்தது. மட்டு 4-ஐயும் மட்டு 6-ஐயும் டென்சர் செய்தால் மட்டு 2 வரும் என்று காட்ட இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும். 1⊗1 பிறப்பிக்கிறது, 4-ம் 6-ம் அதைக் கொல்கின்றன, எனவே 2-ம் கொல்லும், ஆக இரண்டு உறுப்புகளுக்கு மேல் இல்லை. குறைந்தது இரண்டு இருக்கிறது என்பதற்கு ‘பெருக்கி மட்டு 2 எடு’ என்ற இருநேரியல் சார்பைக் கொடுங்கள். பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். ஓர் உறுப்பு பூஜ்ஜியம் என்று காட்ட நகர்த்தினால் போதும், பூஜ்ஜியம் இல்லை என்று காட்ட வெளியே போகும் சார்பு ஒன்று வேண்டும். இன்னொரு பள்ளம்: 2⊗1 பூஜ்ஜியமா என்று கேட்டால், எங்கே என்று திருப்பிக் கேளுங்கள். முழு எண்களோடு மட்டு 2-ஐ டென்சர் செய்த இடத்தில் 2-ஐ வலப்பக்கம் தள்ளலாம், பூஜ்ஜியம். இரட்டை எண்களோடு மட்டு 2-ஐ டென்சர் செய்த இடத்தில் 2-ஐ 2 × 1 என்று பிரிக்க 1 அங்கே இல்லை. அங்கே அது பூஜ்ஜியம் இல்லாத உறுப்பு. டென்சர் செய்தால் ஒன்றுக்கொன்றான சார்பு அப்படியே நிற்காது என்பதும், ஃப்ளாட் மாட்யூல் (டென்சர் செய்தாலும் ஒன்றுக்கொன்றான தன்மையைக் காப்பது) என்ற சொல் எதற்கு வந்தது என்பதும் இந்த ஒரே உதாரணத்தில் அடங்கிவிடும். டென்சரின் எல்லா உறுப்பும் ஒற்றை ⊗ குறியோடு எழுதக்கூடியது என்று நினைத்து நிரூபணம் தொடங்குவதும் அடிக்கடி நடக்கும், பொதுவாக அவற்றின் கூட்டல்கள்தான் உறுப்புகள்.

கால்வா தியரியில் எக்ஸ்⁴ − 2-ஐ முழுசாகப் போட்டு முடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 2-ன் நான்காம் மூலத்தைச் சேர்த்தால் படி 4, ஐசன்ஸ்டைன் சொல்லிவிடும். அந்தக் களம் முழுக்க மெய்யெண்கள், ஐ (அதாவது √−1) அதில் இல்லை, ஐ-யையும் சேர்த்தால் இன்னொரு 2. மொத்தம் படி 8. கால்வா குலம் நாம் படம் போட்டு வைத்த அதே சதுரத்தின் குலம், சதுரத்தின் மூலைகள் நான்கு மூலங்கள். 10 உட்குலங்கள், எனவே 10 இடைக்களங்கள், ஒவ்வொன்றையும் எது பிறப்பிக்கிறது என்று எழுதுங்கள், ஒரு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். கலப்பெண் இணையம் எடுப்பதுதான் அந்த மூலைவிட்டப் பிரதிபலிப்பு. அது நிலைநிறுத்துவது 2-ன் நான்காம் மூலம் பிறப்பிக்கும் களத்தை. வரிசை 4 உட்குலம் நிலைநிறுத்துவது √2 பிறப்பிக்கும் களத்தை. விகிதமுறு எண்களிலிருந்து √2-க்கு நீட்சி கால்வா, அங்கிருந்து நான்காம் மூலத்துக்கு நீட்சியும் கால்வா, ஆனால் கீழிருந்து மேல்வரை சேர்த்துப் பார்த்தால் கால்வா இல்லை, ஐ சேர்ந்த மூலங்கள் உள்ளே வராததால். நார்மலுக்குள் நார்மல் நார்மலாக வேண்டியதில்லை என்று முன்பு பார்த்த அதே மூன்றடுக்கு, தலைகீழாக. தேற்றத்தின் இரண்டு பக்கமும் ஒரே படத்தில் தெரியும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இவ்வளவு பாடுபடலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஐந்தாம் படிக் கோவைகளில் எக்ஸ்⁵ − 4எக்ஸ் + 2 ஒன்றைக் கையில் வையுங்கள். பகா எண் 2-க்கு ஐசன்ஸ்டைன் பொருந்துகிறது. −2, 0, 1, 2 புள்ளிகளில் மதிப்பு −22, 2, −1, 26. குறி மூன்று முறை மாறுகிறது, வகைக்கெழுவுக்கு இரண்டே மெய்மூலங்கள், எனவே கோவைக்குச் சரியாக மூன்று மெய்மூலங்கள். கால்வா குலத்தில் ஒரு 5-சுழலும் ஓர் இடமாற்றமும் இருக்கின்றன, ஐந்து பொருள்களின் முழு வரிசைமாற்றக் குலமும் வந்துவிட்டது, மூலங்களை வர்க்கமூலம் போன்ற மூலக்குறிகளால் எழுத முடியாது. முடிவுறு களங்களில் மறக்கக் கூடாதது: 16 உறுப்புள்ள களத்துக்குள் 4 உறுப்புள்ள களம் உண்டு, 8 உறுப்புள்ளது கிடையாது, ஏனெனில் 3 நான்கை வகுக்காது.

தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பழைய வினாத்தாள்களைக் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கி வைக்காமல் முதல் செமஸ்டர் முடிந்ததுமே எடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் எந்தக் கருவி கேட்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு போனாலே, கேள்விகள் திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினைந்து கருவிகளைச் சுற்றுவது தெரியும். பிறகு நேரம் வைத்து, புத்தகம் மூடி, முழுத் தாள் எழுதுங்கள். எழுதியதை மறுநாள் நீங்களே திருத்துங்கள். ‘தெளிவாகவே’, ‘எளிதில் காணலாம்’ என்று எழுதிய இடங்களில் கோடு போட்டு, அங்கே முழுக் காரணத்தையும் எழுத முடிகிறதா என்று பாருங்கள். என் பார்வையில் ஓட்டைகள் பெரும்பாலும் அந்தச் சொற்களுக்கு அடியில்தான் இருக்கும். சோர்ன் துணைத்தேற்றம் (மீப்பெரு உறுப்பு ஒன்று உண்டு என்று காட்டும் கருவி) பயன்படுத்தினால் கணம் வெற்றுக்கணம் இல்லை என்றும், சங்கிலியின் சேர்ப்பு இன்னும் அதே கணத்தில்தான் இருக்கிறது என்றும் இரண்டு வரி கட்டாயம். மீப்பெரு ஐடியல் விஷயத்தில் அந்த இரண்டாவது வரி, ‘1 எதிலும் இல்லை, எனவே சேர்ப்பிலும் இல்லை’ என்பதுதான்.

தேர்வில் தேறாமல் போனால் பல இடங்களில் இன்னொரு வாய்ப்பு உண்டு, அதற்குள் ஒரு செமஸ்டரும் அதன் கட்டணமும் போய்விடும். மனசு உடையும், அந்தச் சமயத்தில் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள், அல்லது திருத்தியவரோடு உட்கார அரை மணி நேரம் கேளுங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு வரியையும், வரையறை தெரியாமல் போனதா, நிபந்தனையைச் சரிபார்க்காமல் போனதா, கருவி தோன்றாமல் போனதா என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் ரகத்துக்கு வெற்றுத்தாளில் வரையறைகள், இரண்டாவதுக்கு எழுதிப் பழகுதல், மூன்றாவதுக்குப் பழைய கேள்விகள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், பிரிக்காமல் தொடங்கினால் அந்தச் செமஸ்டரும் கரைந்துவிடும்.